சீட்டுக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது; மாடிப்படியைக் கண்டால் வெளிநடப்பு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அலுவலக நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

போனில் பேசினால் நாம் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேற என்ன, சரி வைக்கிறேன்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் வீட்டு மேசையில் உட்கார்ந்து நான் எழுதத் தொடங்கிய 'சீட்டு' மென்பொருள், இன்று நாற்பது சிறு மருத்துவமனைகளில் ஓடுகிறது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? எந்த மாத்திரை, எத்தனை வேளை, அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும் என்று நோயாளிக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. போன செவ்வாய்க்கிழமை காலை அதில்தான் மானம் போனது. எங்கள் ஊர் மருத்துவமனைச் செவிலியர் போன் செய்து, "உங்க மெஷின் என்னம்மா வேலை கேக்குது?" என்றார். போய்ப் பார்த்தால் சீட்டில் இப்படி இருக்கிறது: "காலை: இரண்டு மாத்திரை. இந்த நிரலை எழுதியவருக்கு உடனடியாக வேலை தேவை." ஒரு பெரியவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்திரை சரிம்மா, சாப்பிட்டுடறேன். வேலைக்கு நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 2 என்ற எண்ணை 'இரண்டு' என்று எழுத்தில் மாற்ற, யாரோ எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்திருக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் துண்டை, பயன்படுத்துகிறோம். அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது. ஆற்றாமையில் புது வெர்ஷனில் இந்த வரியைச் சேர்த்துவிட்டார். புது வெர்ஷன் வந்தால் தானாக இழுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தது நான். அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து எண்ணினேன். 'சீட்டில்' நாங்கள் எழுதியது ஒன்பதாயிரம் வரி. மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள் இருநூற்றுப் பதினான்கு! தெரிந்து நான் சேர்த்தவை முப்பத்தொன்றுதான். மீதி எல்லாம், ஒருவரை விருந்துக்கு அழைத்தால் அவர் பக்கத்து வீட்டுக்காரரையும், பக்கத்து வீட்டுக்காரர் தன் சம்பந்தியையும் கூட்டிவந்து நிற்பதுபோல் பின்னாலேயே வந்தவை. முகம் தெரியாத இத்தனை பேரும் நல்லவர்களாகவும் நல்ல மனநிலையிலும் இருந்தால்தான் ஒரு நோயாளிக்குச் சரியான சீட்டு கிடைக்கும் என்றால், அது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வருடம் முழுக்க ஒரே வேலை, இவற்றைக் குறைப்பது.

பயப்படாதே, அடுத்த வருகைக்குத் தேதி கணக்கிட நீ எழுதிய லைப்ரரியில் கை வைக்க மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளை. அதற்குப் போன மாதம்கூடப் புது வெர்ஷன் வந்திருந்ததே, பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெளியிட்டவர் என்று வேறு யார் பெயரோ இருந்தது. உன் அலுவலக நண்பரா? எழுது.

பிரியமுள்ள
அக்கா


பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

நான் சௌக்கியம். முதுகும் சௌக்கியம், முன்பைவிட உட்காருகிற இடம் நன்றாக இருக்கிறது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

வேலை கேட்ட சீட்டைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்த ஆளை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. அத்தனை ஊர்களில் அவர் எழுதியது ஓடுகிறது, ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

நீ செய்வது நல்ல காரியம். எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், பெரியதைத் தொடாதே. ஒரே ஒரு வேலைக்காக நீ வைத்திருக்கிற சின்ன லைப்ரரி ஒவ்வொன்றும் தன் பின்னால் எத்தனை பேரை இழுத்துவந்திருக்கிறது என்று பார். கொசு அளவு இருப்பது யானை அளவு மூட்டை தூக்கி வந்திருக்கும். அதிலிருந்து தொடங்கு. எடுப்பதற்கு முன் அது இப்போது என்ன செய்கிறது என்று சோதனை எழுதிவைத்துக்கொள். எடுத்த பிறகும் அதே சோதனை தேற வேண்டும். இரகசியக் குறியீடு, பூட்டு சம்பந்தப்பட்ட எதையும் வீட்டில் செய்து பார்க்காதே, அது விஷயம் தெரிந்தவர்கள் வேலை.

வேலை எப்போதும்போல். நிறைய மனிதர்களைப் பார்க்கிறேன். சரி, கிளம்ப வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

அன்புத் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் பறந்துவிட்டது. எல்லோரும் நலம். முழங்காலுக்கு ஒரு பட்டை மாட்டியிருக்கிறேன், மாமா அதைக் 'கவசம்' என்கிறார்.

நீ சொன்ன கொசுவைப் பிடித்துவிட்டேன். பெயருக்கு முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நீக்க ஒரு லைப்ரரி வைத்திருந்தோம். அது இழுத்துவந்தது முப்பத்தெட்டு. நான் பன்னிரண்டு வரி எழுதினேன், முப்பத்தொன்பதும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. இப்போது நூற்று எழுபத்தைந்தில் நிற்கிறோம்.

என்னோடு 'சீட்டை'ப் பராமரிக்கிற மருந்தாளுநரைத் தெரியுமே, அவரோடு தினமும் சண்டை. "ஊரே நடக்கிற பாலம் இருக்க, நீங்க ஏன் தனியா ஒரு பலகையைப் போட்டு நடக்கணும்கிறீங்க?" என்கிறார். "பாலத்தைக் கட்டினது யாருன்னு தெரிஞ்சா நடப்பேன்" என்றேன். "தெரிஞ்சிட்டா மட்டும் இடியாதா?" என்றார். பாதி உண்மைதான். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பக்கத்தில் அதை யார் பார்த்துக்கொள்கிறார், கடைசியாக எப்போது பேசினார், கேட்டால் பதில் வருமா என்று எழுத வேண்டும். எழுத முடியாததை எடுக்க வேண்டும், அல்லது எழுதும் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் லைப்ரரிக்கு எதிரே உன் பெயரை எழுதினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்தப் புதியவர் யார்? எந்த ஊர்? ஒரு வரி போதும், கட்டத்தை நிரப்ப வேண்டும்.

இன்னொன்று. உன் கடிதம் மின்னஞ்சலில் பகல் பதினொன்று இருபதுக்கு வந்திருந்தது. அதற்கு முந்தையது பிற்பகல் மூன்று நாற்பது. மூச்சு விட நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அலுவலகத்தில் இப்போது பகலில் கடிதம் எழுத விடுகிறார்களா? நல்ல மேலாளர் வந்திருக்கிறார்போல.

பிரியமுள்ள
அக்கா


ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் கால் குணமாகட்டும்.

என் தேதி லைப்ரரியையும் எடுத்துவிடேன். பழையது. அதை நம்பி இருக்க வேண்டாம். முடிந்தால் இந்த மாதமே எடுத்துவிடு.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

நாங்கள் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஆறு வாரம் கழித்து ஆறு வரி. அதில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கேட்காததற்கு இருக்கிறது. இருக்கிற லைப்ரரிகளிலேயே எந்தக் குறையும் சொல்ல முடியாதது உன்னுடையதுதான். அதை ஏன் எடுக்க வேண்டும்? அதுவும் ஏன் 'இந்த மாதமே'?

கைப்பேசியை நீ எடுக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீயே எழுது.

மாமா, "பொறுமையா கேளு, மிரட்டாத" என்கிறார். இது பொறுமையாகக் கேட்பதுதான்.

அக்கா


மே 2

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

அந்தப் பெண் சொன்னது சரி. அலுவலகத்தை விட்டுப் பதினைந்து மாதம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை, யாரும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் காலை மடிக்கணினியின் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. வலி கிடையாது, வெறுமனே வரவில்லை. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை பஸ்ஸில் என் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி வரை போனேன். ஓட்டுநர் இறங்கி, சோம்பல் முறித்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு, "இறங்கலையா சார்?" என்றார். "உங்க வேலை எப்படி?" என்று கேட்டேன். "வண்டிய நிறுத்திட்டா வேலையும் நின்னுடும் சார். வீட்டுக்கு வராது" என்றார். அவர் இருக்கைக்குப் பின்னாலேயே ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது.

அக்கா, நான் பஸ் ஓட்டுகிறேன். பதினேழாம் எண். நன்றாக ஓட்டுகிறேன் என்று சொல்கிறார்கள். காலையில் ஏறுகிற பள்ளிக்கூட டீச்சர் எனக்கு வணக்கம் சொல்லாமல் உட்கார மாட்டார். உனக்கு எழுதுவதெல்லாம் கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற நேரத்தில்தான். அதனால்தான் பாதியில் கிளம்பிவிடுகிறேன். என்னைப் பற்றி ஊரெல்லாம் நீ பெருமை பேசி வைத்திருக்கிறாய். அந்தப் பேச்சை எப்படித் திருப்பி வாங்குவாய் என்று நினைத்து நினைத்தே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருவர் எழுதினார். என் லைப்ரரியில் மூன்று பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தியும் அனுப்பியிருந்தார். அழகான திருத்தங்கள். பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எழுதினார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பார். முதல்முறை தனியாக வண்டியை எடுத்த அன்று வாழ்த்து அனுப்பினார். ஐந்து மாதத்தில் அறுபத்தொரு கடிதம் அக்கா. எண்ணிப் பார்த்தேன். உன் கடிதம் வந்தால் எங்கோ ஏதோ பழுதாகியிருக்கும். அவர் சும்மா எழுதினார். அக்டோபர் கடைசியில், "உங்களுக்குப் பாரமாக இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். புது வெர்ஷனை ஊருக்கெல்லாம் அனுப்பும் சாவியைக் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவர் கடிதம் குறைந்தது. ஜனவரியில் நின்றுவிட்டது.

அவர் யார் என்று நீ மார்ச்சில் கேட்டபோது எனக்கு ஊரும் தெரியவில்லை, பெயர் உண்மையா என்றும் தெரியவில்லை. விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அவர் மாற்றியதை வரி வரியாகப் படித்தேன். நவம்பர் வெர்ஷன் சுத்தம். ஜனவரியில் வந்ததில், சோதனைக்கான தேதிப் பட்டியல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அது தேதிப் பட்டியல் இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு நிரல். நம் மென்பொருள் ஓடும்போது அதிலிருக்கும் பெயர், மருந்து எல்லாவற்றையும் படித்து வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பும். இன்னும் அனுப்பத் தொடங்கவில்லை. ஜூன் முதல் தேதியிலிருந்துதான் தொடங்கும்படி எழுதியிருக்கிறது. ஏப்ரல் பாதியிலேயே இது எனக்குத் தெரியும். உன்னிடம் காரணம் சொல்லாமல் எடுத்துவிடச் சொன்னேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான்.

தம்பி


மே 3

தம்பி,

முதலில் வேலை.

உன் கடிதம் வந்ததும் மருந்தாளுநரும் நானும் தனித்தனியாக அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். நீ கண்டது சரி. அக்டோபர் வெர்ஷனுக்கு, அதாவது உன் கையால் வெளியிட்ட கடைசி வெர்ஷனுக்கு, 'சீட்டை'த் திருப்பிவிட்டோம். நாற்பதில் முப்பத்தெட்டு மருத்துவமனைகள் இன்று மாலைக்குள் மாற்றிவிட்டன. மீதி இரண்டில் போன் எடுக்க ஆளில்லை. நாளைக் காலை மாமா ஒன்றுக்கு, நான் ஒன்றுக்கு.

உன் லைப்ரரியை நாங்கள் மட்டுமா வைத்திருக்கிறோம்? மற்றவர்கள் எல்லோருக்கும் இன்றே தெரிய வேண்டும். லைப்ரரிகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தை நடத்துபவர்களுக்கு எழுது. பொது அறிவிப்பும் எழுது. நான் எழுதித் தரமாட்டேன். உன் பெயரில், உன் வார்த்தையில், சாவியை யாரிடம் ஏன் கொடுத்தாய் என்பதோடு எழுது. ஏசுவார்கள். ஏசட்டும். ஏப்ரலில் தெரிந்ததை மே மாதம் சொல்கிறாய் என்று நானும் ஏசுகிறேன், முதல் ஆளாக. நாற்பது மருத்துவமனை நோயாளிகளின் பெயர் அது. ஒருவருக்கு என்ன நோய் என்பது அவர் வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பஸ்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு அறிவிப்பு எழுதாதே.

அக்கா


மே 16

அன்பு அக்காவுக்கு,

நலம். எழுதச் சொன்ன அன்றே எழுதினேன். வெளியிட்டுவிட்டு வண்டி எடுக்கப் போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான்.

ஒன்பது தடவை எழுதினேன். முதல் எட்டிலும் 'ஏமாற்றப்பட்டேன்' என்று இருந்தது. ஒன்பதாவதில் அதை எடுத்துவிட்டு 'கொடுத்துவிட்டேன்' என்று போட்டேன். களஞ்சியத்தார் நாலு மணி நேரத்தில் ஜனவரி வெர்ஷனை விலக்கிவிட்டார்கள், அந்த ஆளின் கணக்கையும் முடக்கினார்கள். என் லைப்ரரியை அறுநூற்று நாற்பது மென்பொருள்கள் பயன்படுத்துகின்றனவாம். அத்தனை பேர் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒருவர்கூட ஒரு கடுதாசி போட்டதில்லை. இப்போது போட்டார்கள்! இருநூற்றுப் பத்து வந்தது. 'பொறுப்பில்லாதவன்' என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையானது. பஸ் ஓட்டுவதையும் அறிவிப்பில் சொல்லியிருந்ததால் ஒருவர், "பஸ்ஸையாவது யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்று எழுதியிருந்தார். அது நன்றாக இருந்ததால் சேமித்துவைத்திருக்கிறேன்.

திட்டாமல் எழுதியவர்களும் உண்டு. ஒரு பெண்மணி, எழுத்துரு சம்பந்தமான லைப்ரரி ஒன்றைப் பதினோரு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாராம். "எனக்கும் ஒருவர் இப்படித்தான் பிரியமாக எழுதிக்கொண்டிருக்கிறார். இன்று பதில் அனுப்பவில்லை" என்று முடித்திருந்தார்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த ஆளிடமிருந்து ஒரு வரி வருமா என்று இன்னும் பார்க்கிறேன். திட்டுவதற்காக இல்லை. முதுகைப் பற்றிக் கேட்டதாவது நிஜமாக இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

தம்பி


ஜூன் 2

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நேற்று ஜூன் ஒன்று. காலை முதல் மருத்துவமனையில் செவிலியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கணினியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் எங்கும் போகவில்லை. "ஏம்மா, பூனை எலி வளையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க?" என்றார். மத்தியானம் வரை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னதும், "உங்க தம்பிக்கு இப்ப யாரும்மா கூட இருக்கா?" என்றுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய கடிதங்களைத் தேடினேன். இந்த வருடத்துக்கு முந்தைய மூன்று வருடத்தில் நான் உனக்கு எழுதியது நாலு. நாலும் 'இது ஓடவில்லை, பார்' என்பதுதான். அறுபத்தொன்று எங்கே, நாலு எங்கே. உன் வாசலில் ஒருவன் வந்து உட்கார்ந்தான் என்றால், அங்கே இடம் காலியாக இருந்திருக்கிறது. நீ வெட்கப்படுவதாக இருந்தால் பாதியை எனக்குக் கொடு.

பஸ். நான் கோபப்படுவேன் என்றா நினைத்தாய்? மாமாவிடம் சொன்னதும் அவர், "அப்பாடா, நம்ம குடும்பத்துல நேரத்துக்குப் போய்ச் சேர்ற ஆள் ஒருத்தனாவது இருக்கான்" என்றார். நான் மட்டும் கொஞ்சம் அழுதேன். பஸ்ஸுக்காக இல்லை. கை வராத அந்தக் காலையில் எனக்கு ஒரு போன் போட உனக்குத் தோன்றவில்லையே, அதற்கு.

இனி ஒரு கேள்வி. உன் லைப்ரரியில் நாங்கள் பயன்படுத்துவது நாலே காரியம்: நாள் கூட்டுவது, வாரம் கூட்டுவது, மாதம் கூட்டுவது, கிழமை சொல்வது. அதை மட்டும் 'சீட்டுக்குள்ளேயே' புதிதாக எழுத வேண்டும். நீ எழுதுகிறாயா? அவசரமில்லை. மூடியைத் திறக்கக் கை வந்தால் மட்டும். வராவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன், மனத்தாங்கல் துளியும் கிடையாது.

எழுதினால் கறாராகத்தான் பார்ப்பேன். தம்பி என்று பார்க்க மாட்டேன்.

உன்
அக்கா


ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பது என் நிரலை இரண்டு தடவை திருப்பி அனுப்பியதிலேயே தெரிகிறது.

கை வந்தது. முதல் வாரம் தினம் கால்மணி நேரம். பிறகு வார விடுமுறையில் ஒரு மணி நேரம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மொத்தம் எழுபத்திரண்டு வரி. ஜனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் மூன்று என்று வந்ததைக் கண்டுபிடித்து, "பிப்ரவரி எங்கே போயிற்று? நோயாளியைத் தூக்கிக்கொண்டு போயிற்றா?" என்று நீ ஓரத்தில் எழுதியதைச் சக ஓட்டுநர்களுக்குப் படித்துக்காட்டினேன். எல்லோரும் உன் கட்சி. செவிலியர் அம்மா சொன்னபடியே மாதக் கடைசி நாளுக்கு மாற்றிவிட்டேன். மாத்திரை தீர்ந்த பிறகு வரச் சொல்வதைவிட முன்னால் வரச் சொல்வது நல்லது என்று அவர் சொன்ன காரணத்தையும் அந்த வரிக்கு மேலேயே குறித்துவைத்தேன். பின்னால் யாராவது 'இது ஏன் இப்படி?' என்று அழித்துவிடக் கூடாது அல்லவா?

பழைய லைப்ரரியை மூடிவிட்டேன். மூடுகிறேன், மாற்று வழி இது, மூன்று மாதத்துக்குக் கேட்பவர்களுக்கு உதவுகிறேன் என்று எழுதிவைத்திருக்கிறேன். நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேருக்கும் பதில் போட்டாயிற்று.

இதையே மறுபடி பிழைப்பாகச் செய்வேனா என்று மாமா கேட்டாராம். இல்லை. வண்டிதான். ஆனால் உனக்கு அடுத்து எதை எடுக்க வேண்டுமோ அனுப்பு, வார விடுமுறையில் பார்க்கிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். குழாய் ஒழுகியது, மாமா அதைச் சரிசெய்யப் போய்ச் சமையலறை குளமானது, நீ நாற்காலி மேல் நின்று உத்தரவு போட்டது. கடைசி வரை படித்துவிட்டு, பழுது எங்கே, எதைப் பார்க்கச் சொல்கிறாய் என்று மறுபடி தேடினேன். எதுவும் இல்லை.

உன்
தம்பி


ஆகஸ்ட் 24

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். முழங்கால் சமாதானத்துக்கு வந்திருக்கிறது, இரண்டு மாடி ஏறினேன்.

'சீட்டு' புது வெர்ஷன் வியாழக்கிழமை வெளிவந்தது. இருநூற்றுப் பதினான்கு இப்போது இருபத்திரண்டு. இருபத்திரண்டுக்கும் எதிரே கட்டம் நிரம்பியிருக்கிறது. இதற்காக ஒவ்வொருவருக்கும் நானும் மருந்தாளுநரும் மாறி மாறி எழுதினோம். "உங்கள் லைப்ரரி எங்கள் மருத்துவமனைகளில் இன்ன வேலை செய்கிறது, நன்றி, நீங்கள் நலமா?" என்று. பத்தொன்பது பேர் பதில் போட்டார்கள். பதில் போடாத மூவரை அடுத்த வருடம் பார்க்க வேண்டும். வேலை தேவை என்று சீட்டில் எழுதினாரே, அவருடைய லைப்ரரி இப்போது எங்களிடம் இல்லை. இருந்தாலும் அவருக்கும் எழுதினேன். வேலை கிடைத்துவிட்டதாம், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். ஒரு அம்மாவுக்குச் சீட்டு அச்சானது. தேதியைப் பார்த்துவிட்டு, "செவ்வாயா? செவ்வாய் எனக்குத் தோதுதான்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் செவ்வாய் உன்னுடைய எழுபத்திரண்டு வரி சொன்னது. நான் வாசல் வரை அவர் பின்னாலேயே போய் நின்றேன், எதற்கென்று தெரியவில்லை.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மாமாவுக்கு விடுமுறை இல்லை, நான் மட்டும். ஸ்டேஷனுக்கு வந்து அழைக்காதே, லீவும் போடாதே. நீ ஓட்டுகிற வண்டியில் ஏறித்தான் உன் வீட்டுக்கு வருவேன். எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்.

உன்
அக்கா


ஆகஸ்ட் 26

அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மாமாவை விட்டுவிட்டு வருவதற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் இடது கைப்பக்கம் மருந்துக் கடை. அதைத் தாண்டி இரண்டாவது நிழற்குடை. எட்டு ஐந்துக்கு வருவேன். நீல நிற வண்டி, பதினேழு. வண்டியைப் பார்த்ததும் கையை நன்றாக நீட்டு. நீட்டாவிட்டால் நிற்க மாட்டேன், அக்காவாக இருந்தாலும் அதுதான் விதி. சீட்டு வாங்கிக்கொள். அதற்கும் சலுகை கிடையாது.

ஏறியதும் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே. ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று தலைக்கு மேல் பலகை இருக்கிறது, டீச்சர் வேறு பார்த்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் நாலாவது வரிசை ஜன்னலோரம் உட்கார். அங்கே உட்கார்ந்தால் என் கண்ணாடியில் முழு முகமும் தெரியும். ஓடும்போது நான் பார்க்க மாட்டேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் பார்ப்பேன்.

ஸ்டேஷனிலிருந்து என் வீடு வரை பதினொரு சிக்னல் இருக்கிறது அக்கா. நேரத்துக்குப் போக வேண்டுமே என்று தினமும் பச்சைக்காக வேண்டிக்கொள்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் பதினொன்றும் சிவப்பாக விழட்டும்.

உன்
தம்பி